சரிவு மனையில் வெயில் வீடு: வாசகர் கேள்வி, கட்டடக் கலைஞர் பதில்

கடலை நோக்கிச் சரியும் மனையில், மத்தியதரைக்கடல் பாணியில் குடும்ப வீடு கட்ட விரும்பும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மனையின் மேல் எல்லையில் சாலை இருக்கிறது. அங்கிருந்து கடலை நோக்கிப் பதினைந்து மீட்டர் சென்றால் நிலம் மூன்று மீட்டர் இறங்கிவிடுகிறது. நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் மாமியார் என ஐந்து பேர் வசிக்க வேண்டும். நிலத்தை வெட்டிச் சமன் செய்துவிட்டுக் கட்டினால் செலவு குறையும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் தந்திருக்கும் அளவின்படி மனை ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் சரிகிறது. 12 மீட்டர் ஆழமுள்ள வீட்டை அதில் ஒரே மட்டத்தில் அமர்த்த வேண்டுமானால், சாலைப்பக்கச் சுவருக்கும் கடல்பக்கச் சுவருக்கும் இடையே உள்ள 2.4 மீட்டர் வித்தியாசத்தை எப்படியாவது ஈடுகட்டியாக வேண்டும். முழுவதையும் வெட்டி எடுத்தால் வீடு சாலைக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குள் இறங்கிவிடும். மேலிருந்து வரும் மழைநீர் அனைத்தும் வீட்டின் பின்சுவரில் வந்து முட்டும். பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே மறுபாதியை நிரப்பினால், வீட்டின் ஒரு பகுதி இறுகிய இயற்கை நிலத்திலும் மறுபகுதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டிருக்கும் என்பதால், இரண்டும் சேரும் இடத்தில் சுவர் விரிசல் விடும். ஒப்பந்தக்காரர் சொல்லும் சிக்கனம் மண் வேலையோடு முடிந்துவிடுகிறது. வெட்டிய மண் சரிந்துவிடாமல் பிடித்து நிற்கும் தாங்குசுவருக்கு ஆகும் செலவை அவர் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

தாங்குசுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சரிவு மனைகளில் பணம் கரைவதும் ஆபத்து வருவதும் பெரும்பாலும் அங்கேதான். 2.4 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் வடிய வழியில்லாமல் தண்ணீர் தேங்கி, மேல்விளிம்பு வரை நிறைந்துவிட்டால், அந்தத் தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 2.9 டன் விசையோடு தள்ளும். மண்ணின் அழுத்தம் அதற்கு மேல். இந்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. சுவரின் உயரத்தை 1.8 மீட்டராகக் குறைத்தால் தண்ணீரின் தள்ளுவிசை 1.6 டன்னாக இறங்கிவிடும்; அதாவது, உயரத்தைக் கால் பங்கு குறைத்தாலே விசை பாதிக்கு அருகில் குறைகிறது. ஒரே பெரிய சுவரைவிட இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு சிறிய சுவர்கள் மேலானவை என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. எந்தச் சுவராக இருந்தாலும் அதன் பின்னால் ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட வடிகுழாயைச் சரிவாகப் பதித்து, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டும் துணியை விரித்து, சுவரிலேயே நீர் கசிந்து வெளியேறும் துளைகளையும் விட வேண்டும். இத்தாலியின் லிகூரியா கடற்கரையின் மலைச்சரிவுகளில் திராட்சையும் ஆலிவும் வளரும் படிநிலங்களைத் தாங்கி நிற்கும் கற்சுவர்களில் சாந்து கிடையாது. கல்லின் இடுக்குகள் வழியே தண்ணீர் தானாக வெளியேறிவிடுவதே அவற்றின் ஆயுளுக்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் தோட்டத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சுவர்களை இன்றும் அம்முறையில் கட்டலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். பெரும்பாலோர் தரைத்தள வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, அதைச் சரிவில் எப்படிப் பொருத்துவது என்று பிறகு யோசிக்கிறார்கள். சரிவு மனையில் இந்த வரிசையை மாற்ற வேண்டும். சாலையிலிருந்து கடல் வரை நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோன்ற வெட்டுமுக வரைபடத்தைத்தான் முதலில் வரையச் சொல்லுங்கள். அதை வரைந்தால் உங்கள் மனையில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருப்பது தெரியும். சாலை மட்டத்தில் மேல்தளம் ஒன்றை 12 மீட்டர் ஆழத்துக்கு அமைக்கலாம். அதன் கடல்பக்கப் பாதிக்கு அடியில், சாலை மட்டத்திலிருந்து 3 மீட்டர் கீழே தரை வருமாறு ஒரு கீழ்த்தளத்தை நுழைக்கலாம். இந்தத் தளத்தின் பின்பக்கத்தில் வெட்ட வேண்டிய ஆழம் 1.8 மீட்டர், முன்பக்கத்தில் 0.6 மீட்டர் மட்டுமே. வீட்டின் முன்சுவரைத் தாண்டி இன்னும் 3 மீட்டர் சென்றால் இயற்கை நிலமே அந்த மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்த மூன்று மீட்டரும் உங்கள் கீழ்முற்றம். சமையலறை, உணவு மேசை, கூடம், உங்கள் மாமியாரின் அறை, அவருக்கான குளியலறை ஆகிய எல்லாவற்றையும் சாலை மட்டத்திலேயே வைத்துவிடுங்கள். வாசலில் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வருவதற்கோ, கூடத்தில் அமர்ந்து கடலைப் பார்ப்பதற்கோ அவர் ஒரு படிகூட ஏறி இறங்க வேண்டியிருக்காது. உங்களுடைய படுக்கையறையும் பிள்ளைகளின் அறைகளும் கீழே, முற்றத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். மண்ணோடு ஒட்டிய பின்பகுதி கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும்; வெளிச்சம் அவசியமில்லாத பொருளறையையும் மழைநீர்த் தொட்டியையும் அங்கே வையுங்கள். வீட்டின் நீண்ட பக்கம் சமமட்டக் கோடுகளுக்கு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு) இணையாக அமைந்தால் வெட்டும் மண் இன்னும் குறையும்.

இவற்றையெல்லாம் முடிவு செய்வதற்கு முன், மனையின் மேலும் கீழும் துளையிட்டு மண் பரிசோதனை செய்துவிடுங்கள். அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த கம்பங்கள், சரிவுக்குக் குறுக்கே ஓடும் நீண்ட வெடிப்புகள் ஆகியவை தென்பட்டால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். அப்போது நிலத்தின் உறுதியை ஆராயும் நிலத்தொழில்நுட்பப் பொறியாளரின் அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டக் கூடாது. சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே, மேலிருந்து வரும் நீரை மறித்துப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கடலோரக் கட்டுமான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கரையிலிருந்து விட வேண்டிய தொலைவை மனை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் மனைக்கு மேற்கே கடல். கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக வைத்தால் வெயிலும் கடலும் ஒருசேர வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஆசைப்படுகிறோம். மத்தியதரைக்கடல் வீடு என்றாலே வெயில் வீடுதானே?

பதில்: ஆம், வெயில் வீடுதான். ஆனால் அந்தக் கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட வீடுகளைக் கவனித்தால், சன்னல்கள் சிறியவையாகவும் சுவர்கள் தடித்தவையாகவும், ஒவ்வொரு சன்னலுக்கும் மரக்கதவுகள் உள்ளவையாகவும் இருப்பதைக் காணலாம். வெயிலுக்கு மிக அருகில், வேண்டும்போது நிழலும் கிடைக்குமாறு அமைக்கப்பட்ட வீடு அது. மூடிய அறை, பந்தலின் கீழ்ப்பகுதி, திறந்த முற்றம் என்று நிழலிலிருந்து வெயிலுக்கு மூன்று நான்கு படிகளாகச் செல்லும் அமைப்புதான் அந்தப் பாணியின் உயிர். வளைவும் வெள்ளையும் அதற்குப் பிறகு வருபவை.

வெயிலைக் கணக்கிட்டு உள்ளே அழைக்கலாம். ஏதென்ஸ் நகரம் வடக்கு அட்சரேகை 38 பாகையில் இருக்கிறது. அங்கே ஜூன் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 75 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் பிற்பகுதியில் 28 அல்லது 29 பாகைதான். ஆகவே தெற்கு நோக்கிய சன்னலுக்கு மேல் 60 செ.மீ. நீட்டிய ஒரு தடுப்பு, கோடை நண்பகலில் தனக்குக் கீழே 2.3 மீட்டர் வரை நிழல் தரும். சன்னல் முழுவதும் மறைந்துவிடும். குளிர்கால நண்பகலிலோ அதே தடுப்பின் நிழல் 33 செ.மீ. தாண்டாது, வெயில் அறையின் நடுப்பகுதி வரை வந்து விழும். எந்த இயந்திரமும் இல்லாமல், பருவத்தைத் தானே அறிந்து நடந்துகொள்ளும் ஏற்பாடு இது. தெற்கு அரைக்கோளத்தில் வடக்குச் சுவருக்கு இதே கணக்கு பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சியிலேயே இருப்பதால், அங்கே சன்னலைவிடக் கூரையே கவலைப்பட வேண்டிய இடம்.

மேற்கு அப்படியல்ல. மாலையில் சூரியன் 20 பாகைக்கு இறங்கி நேர் எதிரே நிற்கும்போது, அதே 60 செ.மீ. தடுப்பு 22 செ.மீ. நிழல்தான் தரும். அதோடு, தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளியைக் கடல் பலமாகப் பிரதிபலிக்கும்; மேலிருந்து ஒரு சூரியன், கீழிருந்து ஒரு சூரியன் என்று கண் கூசும். சிட்னி ஓப்பரா மாளிகையை வடிவமைத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன், 1970களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், கடலோரக் குன்றின் விளிம்பில் கான் லிஸ் என்ற வீட்டைத் தம் குடும்பத்துக்காகக் கட்டினார். உள்ளூர் மணற்கல்லால் தனித்தனிக் கூடங்களாகக் கட்டப்பட்ட அந்த வீட்டில் சன்னல்களுக்கு ஆழமான கல் பக்கச்சுவர்கள் உண்டு. கண்ணாடிச் சட்டத்தை அவற்றின் வெளிப்புறத்தில் பொருத்தியிருப்பதால் உள்ளே அமர்ந்திருப்பவருக்குச் சட்டமே தெரியாது, கல்லும் கடலும் மட்டுமே தெரியும். கூடத்துச் சுவரின் மேற்பகுதியில் ஒரு சிறு திறப்பு இருக்கிறது. நாள்தோறும் பிற்பகலில் சிறிது நேரம் அதன் வழியாக ஒரு ஒளிக்கீற்று கற்சுவரைத் தடவிச் செல்லும். இவ்வளவு கவனமாக ஒளியைக் கையாண்டவரே, கடலின் ஒளிவீச்சு கண்களுக்கு ஒத்துக்கொள்ளாமற்போனதை ஒரு காரணமாகக் கொண்டு, 1990களில் அதே தீவின் உட்பகுதியில் வேறொரு வீடு கட்டிக் குடிபெயர்ந்தார். முழுக் கண்ணாடிச் சுவர் கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்வதுண்டு.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். மேற்குச் சுவரில் இரண்டு அல்லது மூன்று சன்னல்களை வையுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 40 செ.மீ. உள்வாங்கியிருக்கட்டும். ஒரு சன்னலை, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அடிவானம் வருமாறு தாழ்வாக அமையுங்கள். எல்லாவற்றுக்கும் வெளிப்புறத்தில், சாய்த்துத் திருப்பக்கூடிய மரப்பட்டைகள் கொண்ட நகரும் கதவுகளைப் பொருத்துங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் வெப்பம் உள்ளே வராது. உட்புறத் திரை கூசலைக் குறைக்குமே தவிர, கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. 1926-க்கும் 1929-க்கும் இடையில் பிரான்ஸின் தென்கரையில் ஐலீன் கிரே கட்டிய இ.1027 என்ற வீடும் பாறைச் சரிவில் கடலைப் பார்த்தே நிற்கிறது. வெயிலும் காற்றும் எந்த நேரத்தில் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்த்து அவர் அமைத்த மடக்குக் கதவுகளும் நகரும் தடுப்புகளும்தான் அந்த வீட்டில் நான் மிகவும் மதிப்பவை. சூரியன் மறைவதை முழுமையாகப் பார்க்கும் ஆசைக்கு மேற்கில் 3 மீட்டர் ஆழமுள்ள ஒரு பந்தல் போதும். குளிர்காலம் உள்ள இடமானால் அதில் திராட்சைக் கொடியை ஏற்றுங்கள். வெயில் வேண்டாத மாதங்களில் இலை விட்டு, வேண்டிய மாதங்களில் அது இலையை உதிர்த்துவிடும்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் கோடையிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம், மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும். படங்களில் காணும் தட்டைக்கூரை வெள்ளை வீடு எங்களுக்குச் சரிவருமா?

பதில்: அப்படியே எடுத்துவந்தால் சரிவராது. மத்தியதரைக்கடல் பகுதியில் கோடை வறண்டது. மழை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்கிறது. தடித்த கற்சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல வாங்கி, இரவின் குளிர்காற்றில் விட்டுவிடும். இரவிலும் வெப்பமும் ஈரமும் குறையாத இடத்தில் அந்தச் சுவருக்கு விடவே வாய்ப்பில்லை. நள்ளிரவில் அறை வெந்துகொண்டிருக்கும். கிரேக்கத்தின் சாண்டொரினி தீவின் வளைந்த கூரைகளுக்கும் அந்த மண்ணில்தான் காரணம் இருக்கிறது. கூரைக்கு வேண்டிய மரம் அங்கே அரிது. எரிமலைச் சாம்பல் மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீரிலும் இறுகும் உறுதியான சாந்து கிடைத்தது. குடிநீர் குறைவு என்பதால் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்தார்கள். ஒவ்வொரு வடிவமும் ஒரு தேவைக்குப் பதிலாகப் பிறந்தது. உங்கள் தேவை வேறு என்றால் வடிவமும் சற்று மாறத்தான் வேண்டும்.

ஈரமான கடற்கரையில் முற்றம், பந்தல், கதவுச் சன்னல், சுண்ணாம்பு வெள்ளை ஆகியவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையை மட்டும் ஓடு வேய்ந்து, போதிய சாய்வோடு, சுவரைத் தாண்டி 75 முதல் 90 செ.மீ. வரை நீட்டிவிடுங்கள், ஓட்டுக்கு அடியில் நீர்த்தடுப்புத் தாளும், புயல் காற்றில் ஓடு பறக்காமலிருக்க ஆணியோ கொக்கியோ அவசியம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் காற்று கடலிலிருந்து மேலே ஏறி வரும். இரவில் திசை திரும்பும். சரிவில் கட்டிய வீட்டுக்கு இது பெரும் கொடை. கீழ்த்தளத்தின் கடல்பக்கச் சன்னல்களில் நுழையும் காற்று படிக்கட்டு வழியே மேலேறி, படிக்கட்டின் உச்சியில் சாலைப்பக்கமாகத் திறக்கும் சன்னல்களில் வெளியேறுமாறு அமைத்தால், காற்று அசையாத நாளில்கூடச் சூடான காற்று தானே உயர்ந்து வெளியேறும். எதிர்மாறாக, பலத்த காற்று ஒரே திசையிலிருந்து வரும் இடங்களில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவதே வழக்கம். வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் என்ற பலத்த காற்று வீசும், தென்பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியின் பழைய பண்ணை வீடுகள் வடக்கே சன்னலின்றித் தெற்கே திறந்திருப்பது அதனால்தான்.

கேள்வி: வெள்ளைச் சுவருக்குச் சுண்ணாம்பா, பெயிண்டா?

பதில்: சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் சுண்ணாம்பேதான். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறும். நீராவியை மறிக்கும் பெயிண்ட் பூசினால் அந்த ஈரம் உப்போடு சேர்ந்து பெயிண்டைப் படலம் படலமாக உரித்தெடுக்கும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். முற்றத்தின் தரையை மட்டும் வெள்ளையாக்காதீர்கள். கண் கூசி யாரும் அங்கே அமரமாட்டார்கள். சுட்ட செம்மண் ஓடும் வெளிர் மணல்நிறக் கல்லும் பொருத்தமானவை.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடல் நூறு மீட்டர் தொலைவில் இருக்கிறது. கம்பி துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: கான்கிரீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் துரு தொடங்குகிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைப்பதால், கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடியிருக்கும் தடிமன் 45 முதல் 50 மி.மீ. வரை இருக்க வேண்டும். அந்தத் தடிமன் ஒவ்வொரு தூணிலும் உத்தரத்திலும் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கலவையில் தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்ட வேண்டாம். கழுவாத கடல் மணலும் உப்புநீரும் மனைக்குள் வரவே கூடாது. குறைந்தது ஏழு நாள், முடிந்தால் அதற்கும் மேலாக, ஈரம் காயாமல் நீராற்றுங்கள்.

கைப்பிடிகளுக்கும் கீல்களுக்கும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு போதாது. மாலிப்டினம் கலந்த 316 வகையைக் கேளுங்கள். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகை நேரடியாகச் செலுத்தினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இடையே நைலான் வளையம் வையுங்கள். கூரை நீட்சிக்கு அடியில் மழை கழுவாத மூலைகளில்தான் உப்பு படிந்து தங்கும் என்பதால், மாதம் ஒருமுறை அங்குள்ள உலோகப் பொருள்களை நல்ல தண்ணீரால் கழுவுவது எந்தப் பூச்சையும்விடப் பயன் தரும்.

கேள்வி: படிபடியாக இறங்கும் முற்றங்களில் சிறு பிள்ளைகள் விளையாடுவது பாதுகாப்பானதா? தாத்தாவின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட முடியுமா?

பதில்: விளிம்புகளில் 1.1 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும். செங்குத்துக் கம்பிகளாக, இடைவெளி 10 செ.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். கிடைமட்டக் கம்பிகள் பிள்ளைகளுக்கு ஏணியாகிவிடும். சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவைத் தாண்டக் கூடாது, 1.2 மீட்டர் இறங்குவதற்கே இடைமேடை நீங்கலாக 14.4 மீட்டர் நீளம் பிடிக்கும். எனவே எல்லா முற்றங்களுக்கும் சாய்தளம் போட முயலாமல், சாலை மட்டத்து முற்றத்தை வீட்டிலேயே மிகச் சிறந்ததாக, வெயிலும் நிழலும் கடலும் கிடைப்பதாக அமைத்துவிடுங்கள். பெரியவரைத் தேடிக் குடும்பம் அங்கே கூடும். கீழ்முற்றங்களின் படிகள் 15 செ.மீ. உயரத்தில் ஒரே சீராக இருக்கட்டும். கல் வழுவழுப்பாக இருக்க வேண்டாம்.

கேள்வி: உப்புக்காற்றைத் தாங்கும் செடிகள் எவை? வீடு முடிந்த பிறகு நடலாமா?

பதில்: ஆலிவ், ரோஸ்மேரி, காகிதப்பூ, அரளி ஆகியவை தாங்கும். அரளி மத்தியதரைக்கடல் கரைகளில் இயல்பாக வளர்வது, பார்க்கவும் அழகானது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்தின் அருகில் வைக்காதீர்கள். ஆலிவுக்கும் ரோஸ்மேரிக்கும் வேரில் நீர் தேங்கவே கூடாது. மழை மிகுந்த இடமானால் அவற்றை ஜல்லி கலந்த மேட்டுப் பாத்தியில் நடுங்கள். காற்றைத் தடுக்கும் மர வரிசை மட்டும் வீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மண் பரிசோதனை முடிந்து, வீட்டின் இடத்தைக் கயிறு கட்டி அடையாளமிட்ட உடனேயே, கட்டுமான வண்டிகள் வராத எல்லை ஓரமாக நட்டுவிடுங்கள். நீங்கள் குடிவரும்போது அவை தாமே வேர்பிடித்து நிற்கும் நிலைக்கு வந்திருக்கும்.